பேட்டரிக் கொம்பில் பூசிய மஞ்சள்

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை எட்டு மணிக்குச் சற்று முன் மாமாவின் படகு எங்கள் ஊர்க் கரையிலிருந்து மாயேபூருக்குப் புறப்பட்டது. படகில் நான்கு பேர்: மாமா, சித்தி, ஒரு மீனவர், நான்.
2. புறப்படும்போது ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை. மாமா கைப்பிடியைப் போட்டுச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினார்.
3. எட்டே முக்கால் மணி அளவில், ஆற்றுமுகத்துக்கு எதிரே, மாமா வேகத்தைக் குறைத்தார். எஞ்சின் நின்றது.
4. மறுபடி கிளம்பவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. விளக்கு எரியவில்லை. படகில் எங்குமே மின்சாரம் இல்லை.
5. ஒரு மணி நேரத்துக்கு மேல் மாமா கோளாறைத் தேடினார்.
6. பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு எஞ்சின் கிளம்பியது.
7. பன்னிரண்டரை மணிக்குக் கியூர்பிப்பில் சித்திக்குத் தேர்வு.

ஏழாவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மற்ற ஆறும் அதனால்தான் முக்கியமாயின.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு எட்டு. தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு அவள் யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டிருந்தாள். அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. தேறினால் வீட்டைவிட்டுப் போய் மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். தேறாவிட்டால், ரிவியேர் தே ஸாங்கீயில் துணிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா இரண்டுக்கும் சம்மதம் சொல்லியிருந்தாள். “பரீட்சை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்” என்பது வீட்டின் தீர்ப்பு. ஆகவே எல்லோருமே தேர்வு நாளுக்காகக் காத்திருந்தோம், அவரவர் மனத்தில் வேறு வேறு முடிவுகளோடு.

அந்த ஜனவரியில் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு புயல் வந்து போனது. எங்கள் ஊர் தீவின் தென்கிழக்கே, கிராண்ட் போர்ட் விரிகுடாவின் கரையில், சிங்கமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மாயேபூர் போகும் சாலையில் இருந்த சிறு பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பஸ் நின்றுபோனது. மாயேபூர் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து கியூர்பிப்புக்குப் பஸ் உண்டு. ஆனால் மாயேபூர் போக மாமாவின் படகைத் தவிர வேறு வழி இல்லை.

மாமா அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். கரும்புத் தோட்டத்தின் லாரிப் பட்டறையில் மெக்கானிக். உலகச் சண்டை முடிந்து ராணுவத்தார் பழைய லாரிகளை விற்றபோது ஒரு பெட்ரோல் எஞ்சினை வாங்கி, ஒரு மீன்பிடிப் படகில் பொருத்தியிருந்தார். பொருத்தியதும் அவர் செய்த முதல் வேலை பாய்மரத்தைப் பிடுங்கியது. இதை அவருடைய பக்கத்து வீட்டுக்காரரான கிரியோல் மீனவர் மன்னிக்கவே இல்லை. வயதான ஆண்களைத் தோந்தோன் என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். எனக்கும் அவர் தோந்தோன்தான். பாறைகள் எங்கே, மணல்திட்டு எங்கே என்று அவருக்குத் தெரியும் என்பதால் மாமா அவரை விட்டுவிட்டுக் கடலில் இறங்குவதில்லை.

என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாமா மாயேபூரில் படகோடு இருக்க வேண்டும். கல்யாணமாகாத பெண் பஸ்ஸில் தனியாகக் கியூர்பிப் போவதை அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆகவே நான் சித்திக்குத் துணை. எட்டு வயதுப் பெண் எந்த ஆபத்தைத் தடுப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கு அந்தப் பதவி பிடித்திருந்தது.

இனி பேட்டரிக்கு வருகிறேன்.

தேர்வுக்கு முந்தின நாள் மாட்டுப் பொங்கல். எங்கள் பசுவை அதற்கு முந்தின ஆண்டே விற்றுவிட்டோம். கொட்டில் காலியாக இருந்தது. அந்த நாளை வெறுமனே விட அம்மாவுக்கு மனம் வரவில்லை. “மாடு இல்லாம என்ன மாட்டுப் பொங்கல்?” என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள். மாமாதான் வேடிக்கையாகச் சொன்னார்: “ஏன், நம்ம எஞ்சின் இருக்கே அக்கா. குடிக்குது, இழுக்குது, ஒதைக்கவும் செய்யுது.” அம்மா அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல யோசனை என்றாள்.

எஞ்சினை வீட்டுக்குத் தூக்கி வர முடியாது. பேட்டரியைத் தூக்க முடியும். மாமா அதைக் கழற்றிக் கொண்டுவந்து கொட்டிலில் ஒரு பலகையின் மேல் வைத்தார். கறுத்த, கனமான பெட்டி. மேலே இரண்டு மூலைகளில், கம்பியைப் பூட்டுவதற்காக, கட்டைவிரல் பருமனில் இரண்டு ஈயக் குமிழ்கள் துருத்திக்கொண்டிருந்தன. எனக்கு அவற்றைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது. அவை கொம்புகள்.

மாட்டுக்குக் கொம்பு அலங்கரிப்பது வீட்டில் என் வேலையாக இருந்தது. சித்தி மஞ்சளும் சந்தனமும் சேர்த்து அரைத்துக் கொடுத்தாள். நான் இரண்டு கொம்புகளிலும் அடியிலிருந்து நுனிவரை இடைவெளி இல்லாமல் பூசி, மேலே குங்குமம் வைத்தேன். வலது கொம்பு அழகாக வந்ததால் அதற்கு இன்னொரு பூச்சு. வெயிலில் அது முட்டை ஓடுபோலக் காய்ந்தது. அம்மா கற்பூரம் காட்டினாள், பெட்டியின் முன் ஒரு பிடி பொங்கல் வைத்தாள், பிறகு சட்டத்தைச் சொன்னாள்: பூசையில் பூசியதை மூன்றாம் நாள் தன் கையால் தண்ணீர் ஊற்றிக் கழுவும்வரை யாரும் துடைக்கக் கூடாது. பசுவுக்கும் அப்படித்தான், பேட்டரிக்கும் அப்படித்தான்.

மறுநாள் காலையில் மாமா பேட்டரியைப் படகில் வைத்து, கம்பி முனையில் இருக்கும் வளையத்தை, அதாவது கிளாம்ப்பை, ஒவ்வொரு கொம்பிலும் மாட்டுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா வழக்கமாகச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, நட்டை முழு பலத்தோடு முறுக்குவார். அன்று பூ வைப்பதுபோல வைத்து, பாதிச் சுற்று மட்டும் முறுக்கினார். பொத்தானை அழுத்தினார். ஸ்டார்ட்டர் ‘டக்’ என்றது, அவ்வளவுதான்.

“ஈரம்,” என்றார் மாமா. கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். நான்காவது சுற்றில் எஞ்சின் கிளம்பியது.

அவர் அப்போதே நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டரை மணி என்று ஒன்று இருந்தது. ஓடும் எஞ்சினை யாரும் சந்தேகப்படுவதில்லை.

படகு நன்றாகவே போனது. சித்தி முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை, மடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் இரண்டு பென்சில், அனுமதிக் கடிதம், எங்கள் மதிய உணவு. தோந்தோன் நீரைப் பார்த்துக் கைகாட்ட, மாமா திருப்பினார். ஆற்றுமுகத்துக்கு எதிரே வந்தபோது வெள்ளம் கொண்டுவந்த மரக்கிளைகள் மிதந்துகொண்டிருந்தன. மாமா வேகத்தைக் குறைத்தார். எஞ்சின் ஒரு முறை இருமி, நின்றது.

காரணம் இப்போது எனக்குத் தெரியும். எஞ்சின் வேகமாக ஓடும்போது டைனமோவே தேவையான மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும், பேட்டரி இருக்கிறதா இல்லையா என்பது வெளியே தெரியாது. வேகம் குறைந்ததும் டைனமோ விலகிக்கொள்ளும், பேட்டரி தாங்க வேண்டும். அன்று தாங்கவில்லை. காலையில் எங்கோ ஓர் ஓரத்தில் ஈயத்தைத் தொட்டுக்கொண்டிருந்த கிளாம்ப், முக்கால் மணி நேர அதிர்வில் முழுவதும் மஞ்சள் பூச்சின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மாமா கைப்பிடியைச் சுற்றினார். பத்து முறை, இருபது முறை. ஹாரனை அழுத்தினார். விளக்கைப் போட்டார்.

“பேனா கூரான்?” என்று கேட்டார் தோந்தோன். கரண்ட் இல்லையா என்று. அவருக்குக் கிரியோல், அதாவது பிரெஞ்சிலிருந்து வந்த எங்கள் தீவுப் பேச்சு, மட்டும்தான் தெரியும்; அவர் சொன்ன மற்றவற்றைத் தமிழிலேயே எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பேச்சு கிரியோலில் தொடங்கித் தமிழில் முடியும், கோபம் வந்தால் நேர்மாறாக.

“இல்ல,” என்றார் மாமா.

“பாய் இருந்திருந்தா இதுக்குள்ள மாயேபூர்ல காப்பி குடிச்சிட்டிருப்போம்.”

“பாய்க்குக் காத்து வேணும் தோந்தோன்.”

“காத்து இருக்கே. மூச்சு இல்லாதது உன் எஞ்சினுக்குத்தான்.”

நங்கூரத்தைப் போட்டார்கள். ஆழம் அதிகம், கழி ஊன்ற முடியாது. தூரத்தில் இரண்டு மீன்பிடிப் படகுகள் தெரிந்தன. தோந்தோன் தொப்பியைக் கழற்றி உயர்த்தி ஆட்டினார். அவர்களும் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி ஆட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

மாமா பதறவில்லை. அவர் தேடிய முறையை நான் பிறகு பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி சரியானது. முதலில் பெட்ரோல்: இருந்தது. பிளக் கம்பியைக் கழற்றி இரும்பின் அருகே பிடித்துச் சுற்றினார்: பொறி இல்லை. காயிலுக்கு வரும் கம்பி: மின்சாரம் இல்லை. ஃபியூஸ்: எரியவில்லை. பிறகு சோதனை விளக்கை எடுத்தார். லாரி விளக்கு பல்பு ஒன்று, அதிலிருந்து இரண்டு கம்பி, கம்பி நுனிகளில் இரண்டு ஆணி. அவரே செய்தது. ஓர் ஆணியை இடது கொம்பின் தலையிலும் மற்றதை வலது கொம்பின் தலையிலும் குத்தினார். ஆணி முனை குங்குமத்தைத் துளைத்துக்கொண்டு ஈயத்தில் இறங்கியது. பல்பு பளிச்சென்று எரிந்தது.

“பேட்டரி நல்லா இருக்கு,” என்றார் நிம்மதியாக.

இடது ஆணியை அப்படியே விட்டுவிட்டு வலது ஆணியை ஸ்விட்ச்சில் வைத்தார். பல்பு எரியவில்லை. ஸ்விட்ச்சின் மறுபக்கம். எரியவில்லை. அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர் ஸ்விட்ச்சிலிருந்து அந்தப் பக்கம் இருந்த எல்லாவற்றையும் பிரித்தார். பேட்டரியின் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு எஞ்சின் நின்ற உடனேயே மஞ்சள் நினைவுக்கு வந்துவிட்டது. அது மின்சாரத்தைத் தடுக்கும் என்றெல்லாம் தெரியாது. நேற்று வரை ஓடிய படகு இன்று ஓடவில்லை, இடையில் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்தவள் நான். இவ்வளவுதான் என் கணக்கு. வலது கொம்புக்கு இரண்டாவது பூச்சு கொடுத்தது வேறு உறுத்தியது. சொல்லலாமா என்று மாமாவைப் பார்த்தேன். அவர் வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். சித்தியைப் பார்த்தேன். அவள் எங்களுக்கு முதுகு காட்டி, சிங்கமலையைப் பார்த்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தேர்வுக்குப் போகிறவள் எவ்வளவு நிதானமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தோந்தோன்தான் நடுவில் பேசிக்கொண்டிருந்தார். முந்தின நாள் நடந்த பூசை ஊர் முழுவதற்கும் தெரியும்.

“உங்க மாடு படுத்துடுச்சு போல. நேத்து நெறைய சோறு போட்டீங்களோ?”

சித்தி திரும்பிச் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் அவள் கண் பேட்டரிப் பெட்டிக்குப் போனது, அங்கிருந்து எனக்கு வந்தது. சிரிப்பு நின்றது. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். ஆனால் அவள் மறுபடி மலைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மணி என்ன அண்ணே?” என்று மட்டும் சிறிது நேரம் கழித்துக் கேட்டாள். ஒன்பதரை என்றார். “சரி” என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. மாமா எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

“கேபிள் உள்ளுக்குள்ள அறுந்திருக்கு. வேற ஒண்ணும் இல்ல. எங்கிட்ட மாத்துக் கேபிள் கிடையாது.” பிறகு, யாரையும் பார்க்காமல், “காத்து நம்ம ஊர்ப் பக்கம்தான் அடிக்குது. துடுப்புப் போட்டா மத்தியானத்துக்குள்ள வீடு போயிடலாம். பரீட்சை அடுத்த வருஷமும் வரும், இல்லையா?”

“வரும்,” என்றாள் சித்தி.

“உன் மேல தப்பு இல்ல. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

“ஆமா,” என்றாள்.

மாமா நங்கூரக் கயிற்றை இழுக்கத் தொடங்கினார். ஈரக் கயிறு வளையம் வளையமாக அவர் காலடியில் விழுந்தது. தோந்தோன் துடுப்பை எடுத்தார். பாதிக் கயிறு மேலே வந்திருக்கும்.

“அண்ணே, அந்த பல்ப இன்னொரு தடவ வைங்க.”

“எத்தன தடவ வைக்கிறது? பேட்டரி நல்லா இருக்குன்னு சொன்னேனே.”

“வெளிச்சம் எங்க வரைக்கும் வருது?”

“கொம்பு வரைக்கும்.” மாமாவும் அதற்குள் கொம்பு என்றே சொல்லப் பழகிவிட்டார்.

“எங்க வரல?”

“ஸ்விட்ச்சுல வரல.”

“நடுவுல என்னென்ன இருக்கு? ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

மாமா கயிற்றை விடாமலே சொன்னார். “ஸ்விட்ச். அதுக்கு முன்ன கேபிள். அதுக்கு முன்ன கிளாம்ப். அதுக்கு முன்ன கொம்புதான்.”

“கிளாம்புக்கும் கொம்புக்கும் நடுவுல?”

மாமா கடலைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். “மஞ்சள்,” என்றார்.

சித்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகைகளைத் தாண்டி வந்தாள். ஓர் ஆணி இடது கொம்பிலேயே இருக்க, மற்றதை வலது கொம்பின் தலையில் வைத்தாள். பல்பு எரிந்தது. அதை அப்படியே கிளாம்ப்புக்கு நகர்த்தினாள். அணைந்தது. மறுபடி கொம்பு, வெளிச்சம். மறுபடி கிளாம்ப், இருட்டு. இரண்டுக்கும் நடுவில் அரை அங்குலம்கூட இல்லை.

“காலையிலேயே பாத்தேன்,” என்றார் மாமா மெல்ல. “சுரண்ட மனசு வரல. அக்கா வேற நின்னுட்டிருந்துச்சு.”

“இப்ப அக்கா இல்ல.”

“சாமிக்குப் பூசினது.”

“பரீட்சைக்குப் போறது நான். சாமி என்னக் கேக்கட்டும்.”

“நீ சொல்லுவ. ராத்திரி சோறு போடுறது அக்கா.”

சித்தி நீதிபதியைப்போலச் சொன்னாள்: “பூசின கையே எடுத்தா தோஷம் இல்ல.” என் பக்கம் திரும்பினாள். “நீதானே பூசின? எடு.”

இப்படி ஒரு விதி எங்கும் இல்லை. வளர்ந்த பிறகு கோயிலில் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டேன். அன்று அந்தப் படகில் அதைவிடப் பழமையான விதி வேறு இல்லை என்பதுபோல மாமா தலையாட்டினார், கிளாம்ப்புகளைக் கழற்றினார், தன் கத்தியை என் கையில் கொடுத்தார்.

நான் சுரண்டினேன். காய்ந்த மஞ்சள் செதில் செதிலாக உதிர்ந்தது. சித்தி கைக்குட்டையைக் கீழே பிடித்து ஒரு துகள்கூட விடாமல் வாங்கிக்கொண்டாள். அடியில் ஈயம் மங்கலாகத் தெரிந்தது, இன்னும் சுரண்டியதும் வெள்ளிபோல மின்னியது. மாமா கிளாம்ப்புகளின் உட்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மாட்டினார். இந்த முறை சுத்தியலால் ஒரு தட்டு. நட்டை ஸ்பேனர் முனகும்வரை முறுக்கினார். சித்தி கைக்குட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து என் நெற்றியில் வைத்து, தன் நெற்றியிலும் வைத்துக்கொண்டாள். மாமாவும் நெற்றியைக் காட்டினார். தோந்தோன் கேட்கவில்லை, ஆனால் தொப்பியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். அவருக்கும் வைத்தாள்.

மாமா பொத்தானை அழுத்தினார். கைப்பிடி தேவைப்படவில்லை. ஸ்டார்ட்டர் உறுமிச் சுற்றியது, எஞ்சின் ஒரே மூச்சில் கிளம்பியது. நான் உட்கார்ந்திருந்த பலகை அதிர்ந்ததில் என் பற்கள் கிடுகிடுத்தன, நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

“மாடு எழுந்தாச்சு,” என்றார் தோந்தோன்.

மாமா மாயேபூர் வரும்வரை, முன்னால் யாருமே இல்லாத கடலில், நிமிடத்துக்கு ஒரு முறை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

பத்து நாற்பதுக்குக் கரை சேர்ந்தோம். பதினொரு மணி பஸ் கிடைத்தது. கியூர்பிப்பில் எப்போதும்போல மழை தூறிக்கொண்டிருந்தது, எங்கள் கரையில் ஜனவரியில் தெரியாத குளிர். தேர்வு நடந்த கட்டடத்தின் வாசலில் ஒருவர் கதவின் ஒரு பாதியைச் சாத்திவிட்டு மறுபாதியில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். சித்தியின் சேலைக் கரையில் கிரீஸ் பட்டிருந்ததையும் நெற்றியில் மஞ்சள் அப்பியிருந்ததையும் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், வழிவிட்டார். எனக்கு வாசற்படியில் இடம் கிடைத்தது. மூன்று மணி நேரம் துணையாக இருந்தேன். கூட்டிப் பெருக்கும் அம்மாள் ஒருத்தி என் மேல் ஒரு சாக்கைப் போர்த்தி, வெண்ணெய் தடவிய ரொட்டியில் பாதியைக் கொடுத்தாள். சாப்பாடு சித்தியோடு உள்ளே போய்விட்ட தகரப் பெட்டியில் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் என்னால் தாங்க முடியவில்லை. சித்தியிடம் ஒப்புக்கொண்டேன்.

“எஞ்சின் நின்ன உடனே எனக்கு மஞ்சள் ஞாபகம் வந்துச்சு சித்தி. பயமா இருந்துச்சு. அதான் சொல்லல.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கும்தான்,” என்றாள்.

“உனக்கு எதுக்கு பயம்? நீ பூசலையே.”

“அரைச்சுக் குடுத்தது யாரு?”

அது எனக்குப் போதுமான பதிலாக இருந்தது. பெரியவர்களும் அம்மாவின் திட்டுக்குப் பயப்படுகிறார்கள் என்பதில் ஓர் ஆறுதல். சித்தியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

மாயேபூரில் மாமா காத்திருந்தார். அதற்குள் கடைத்தெருவில் மஞ்சள் தூள் வாங்கிக் குழைத்து, பேட்டரிப் பெட்டியின் நான்கு பக்கமும் தாராளமாகப் பூசிவைத்திருந்தார். கொம்புகளைக் கிளாம்ப்புகள் மறைத்திருந்ததால் அவற்றைத் தொடவில்லை; அம்மாவின் கண்ணுக்கு அது போதும். மறுநாள், அதாவது மூன்றாம் நாள், அம்மா முறைப்படி அதற்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். “பாத்தியா, ஒரு குறையும் இல்லாம போயிட்டு வந்துச்சு,” என்றாள். மாமா ஆமோதித்தார். அடுத்த துவைப்பில் என் சட்டையின் முன்பக்கம் பேட்டரி அமிலம் பட்ட இடங்களில் சிறு சிறு ஓட்டைகளாக வந்தது. பூச்சி அரித்துவிட்டது என்று அம்மா துணிப் பெட்டியில் வேப்பிலை போட்டாள்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சித்தி தேறியிருந்தாள்.

மாமா ஏன் ஒரு மணி நேரம் கொம்புப் பக்கம் திரும்பவில்லை என்பது எனக்கு அன்றே ஓரளவு புரிந்தது. சித்தி விஷயம் புரியவில்லை, புரியாமல் இருந்தது என்றுகூடத் தெரியாது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து நானே ஒரு தேர்வுக்குப் போனேன், தொழில்நுட்பப் பயிற்சிக்கு. வழியில் பஸ் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி மூடியைத் திறந்தார். எல்லோரும் முணுமுணுத்தார்கள். எனக்குக் கவலை வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது: அப்பாடா என்று ஒரு நிம்மதி. இனி நான் போகவும் வேண்டாம், தோற்கவும் வேண்டாம், யாரும் என்னைக் குற்றம் சொல்லவும் முடியாது. பத்து நிமிடத்தில் பஸ் கிளம்பியது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில், சித்தி முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் அந்தப் படகு என் கண்முன் வந்து நின்றது.

மஞ்சளை அரைத்தவள் அவள். காலையில் ஸ்டார்ட்டர் ‘டக்’ என்றதைக் கேட்டவள். தோந்தோன் மாட்டைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பின் நடுவில் பெட்டியைப் பார்த்தவள். பிறகும் அரை மணி நேரம், அண்ணன் கயிற்றைப் பாதி இழுக்கும்வரை, பேசாமல் இருந்தாள். அம்மாவின் திட்டுக்குப் பயந்தாள் என்றால், அவ்வளவு பயந்தவள் கடைசியில் ஏன் வாயைத் திறந்தாள்? விடுதியா, துணிக்கடையா என்ற கேள்விக்குக் கடலே பதில் சொல்லிவிடும் என்று இருந்தாளா, அல்லது உண்மையிலேயே அப்போதுதான் அவளுக்கு எண்ணம் ஓடியதா? நிதானம் என்று நான் நினைத்தது எது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

இன்றைய நிலை இது. சித்தி பெரிய மருத்துவமனை ஒன்றில் ஒரு வார்டின் பொறுப்பில் இருக்கிறாள். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். கணவர் பள்ளி ஆசிரியர். துணிக்கடைக் குடும்பம் அந்த ஆண்டே வேறு இடத்தில் பெண் எடுத்தது. மாமாவின் படகில் இப்போது டீசல் எஞ்சின். தோந்தோன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். நான் பிளேன் மாக்னியனில் விமான நிலையத்தில், வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் பேட்டரி அறையில் வேலை செய்கிறேன். மாதம் இரண்டு ஞாயிறு சித்தி வீட்டில் சாப்பாடு. அந்த அரை மணி நேரத்தைப் பற்றி நான் அவளிடம் இதுவரை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.